எக்ஸ் கதிர் தொலைநோக்கிக்குத் தரையில் அளவுத்திருத்தம்: ஒரு வரைபுத்தாளில் செய்து பார்ப்போம்

மீன் சந்தைக்குப் போனால் என் அம்மா முதலில் மீனைப் பார்க்க மாட்டார், தராசைத்தான் பார்ப்பார். தட்டு வெறுமையாக இருக்கும்போது அது என்ன காட்டுகிறது? 15 கிராம் காட்டினால் அங்கேயே பேச்சுத் தொடங்கிவிடும். வீட்டுக்கு வந்து நிறுத்தும் பார்ப்பார். குறைந்தால் மறுநாள் போய்ச் சண்டை பிடிக்கலாம். செய்மதியில் ஏறிப்போன தொலைநோக்கியோடு அப்படிச் சண்டை பிடிக்க வழியில்லை. ஆகவே அனுப்பும் முன் தரையிலேயே நிறுத்துப் பார்க்கிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் நான் உயர்தரப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். கீழே உள்ளதைச் செய்ய அந்தப் பாடத்திட்டமே போதும். வரைபுத்தாள், அடிமட்டம், பென்சில் எடுத்துக்கொள்ளுங்கள். கல்குலேட்டரும் பாவிக்கலாம், இது பரீட்சை மண்டபம் இல்லை.

படி 1: உணரி என்ன சொல்கிறது என்று விளங்கிக்கொள்ளுங்கள்

எக்ஸ் கதிர் போட்டன் ஒன்று சிலிக்கன் உணரியில் விழுந்தால் இலத்திரன்கள் விடுபடும். ஓர் இலத்திரனுக்கு ஏறத்தாழ 3.65 இலத்திரன்வோல்ட் (சக்தியின் அலகு, இனி இ.வோ.) செலவாகும். 5900 இ.வோ. போட்டன் என்றால் சுமார் 1600 இலத்திரன்கள். அந்தக் குவியலை மின்சுற்று ஓர் எண்ணாக மாற்றித் தரும். அதுதான் சனல் எண். 392 என்று வந்தால் அதற்கு எத்தனை இ.வோ. என்பது உணரிக்குத் தெரியாது. நாம்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

படி 2: முத்திரை குத்திய படிக்கற்களைத் தேடுங்கள்

சந்தைக்குப் படிக்கல் போல இங்கே தனிமங்களின் சிறப்புக் கோடுகள், அதாவது ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய மாறாத சக்தியில் வெளிவிடும் எக்ஸ் கதிர்கள். அலுமினியம் 1490, டைட்டானியம் 4510, மங்கனீசு 5900, செம்பு 8050 இ.வோ. இயற்கையே குத்திய முத்திரை, யாராலும் தேய்க்க முடியாது. உலோகத்தை இலத்திரன்களால் அடித்தால் இந்தக் கோடுகள் வரும். மங்கனீசுக்கு இன்னும் சுலபமான வழி இருக்கிறது: கதிர்வீசும் இரும்பு-55. அது சிதைந்து மங்கனீசு ஆகும்போது 5900இல் பளிச்சென்று கோடு விழும். மின்சாரம்கூட வேண்டாம். அதன் அரை ஆயுட்காலம் 2.7 ஆண்டு. இந்த எண்ணை மறக்க வேண்டாம், கடைசியில் தேவைப்படும்.

படி 3: கோடு கீறுங்கள்

பயிற்சிக்காக நானே அமைத்த எண்கள் இவை. அலுமினியக் கோடு சனல் 98இல் விழுந்தது. டைட்டானியம் 299, மங்கனீசு 392, செம்பு 535. கிடையச்சில் சனலையும் நிலைக்குத்தச்சில் சக்தியையும் குறியுங்கள்.

அலுமினியத்தையும் செம்பையும் மட்டும் வைத்துப் படித்திறன் காணுங்கள்: 6560ஐ 437ஆல் வகுத்தால் 15.01. ஒரு சனலுக்கு அவ்வளவு இ.வோ. வெட்டுத்துண்டு சுமார் 19 இ.வோ. வேணியர் இடுக்கியில் நாம் பார்க்கும் பூச்சிய வழுதான், அம்மாவின் 15 கிராம்தான்.

இப்போது, கணக்கில் சேர்க்காமல் வைத்திருந்த இரண்டையும் சோதியுங்கள். சனல் 392க்கு 5903 வருகிறது, இருக்க வேண்டியது 5900. சனல் 299க்கு 4507, இருக்க வேண்டியது 4510. இரண்டிலும் வழு 3 இ.வோ.தான். நான்கு புள்ளியையும் சேர்த்துக் கோடு கீறிவிட்டு "நன்றாகப் பொருந்துகிறது" என்று மகிழ்கிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள். சோதிக்க ஒன்றையாவது மிச்சம் வையுங்கள்.

படி 4: வெப்பநிலையை எழுதினீர்களா?

எழுதியிருக்க மாட்டீர்கள். சித்திரை வெயிலில் நமக்கே தலை சுற்றும். இந்த உணரிகளைப் பூச்சியத்துக்குக் கீழே பல பத்துப் பாகைக்குக் குளிர்வித்துத்தான் இயக்குகிறார்கள். குளிர் சற்று மாறினாலும் கோடு நகரும். மங்கனீசுக் கோடு 392இலிருந்து 390க்கு வந்துவிட்டது என்று வையுங்கள். இரண்டே சனல், 30 இ.வோ. பரவாயில்லை என்று விட்டால், விண்மீன் கூட்டம் ஒன்றில் இரும்பின் கோடு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்து வேகம் கணிக்கும்போது நொடிக்குச் சுமார் 1500 கிலோமீட்டர் பிழைக்கும். அசையாமல் கிடக்கும் வாயு நம்மைவிட்டு ஓடுவதாகக் கட்டுரை எழுதிவிடுவோம். எனவே வெவ்வேறு வெப்பநிலைகளில் படி 3ஐத் திரும்பத் திரும்பச் செய்து அட்டவணை போட வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் வேலையில் முக்கால்வாசி இதுதான்.

படி 5: ஆடிக்கு நீண்ட குழாய்

பண்ணைக் கடலில் ஓட்டாஞ்சில்லைச் சரித்து எறிந்தால் துள்ளும், நேரே எறிந்தால் மூழ்கும். எக்ஸ் கதிரும் ஆடியை உரசினாற்போல வந்தால்தான் திரும்பும். சோதிக்கும்போது காற்றும் இருக்கக் கூடாது. 1000 இ.வோ. கதிரில் பாதி, இரண்டு மில்லிமீட்டர் காற்றுக்குள்ளேயே போய்விடும்.

சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா தொலைநோக்கியின் ஆடிகளை அமெரிக்காவின் ஹண்ட்ஸ்வில்லில், அரைக் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட வெற்றிடக் குழாயில் வைத்துச் சோதித்தார்கள். வானத்துப் பொருள் முடிவிலியில் இருக்கிறது, குழாயின் மறுமுனையில் கதிரைத் தரும் முதல் அப்படியில்லை. குவியத் தூரம் 10 மீட்டர், பொருள் தூரம் 525 மீட்டர் என்று நமக்குத் தெரிந்த வில்லைச் சமன்பாட்டில் போடுங்கள். விம்பம் 10.19 மீட்டரில் விழும். உணரியை 19 சென்ரிமீட்டர் பின்னுக்குத் தள்ளாவிட்டால் படம் மங்கும், பழி ஆடிமேல் விழும். புவியீர்ப்பில் ஆடி சற்று வளைவதையும் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும்.

ஆடி எவ்வளவு கதிரைச் சேர்க்கிறது? பக்கத்தில் பரப்புத் தெரிந்த இன்னோர் உணரியை வையுங்கள். அதில் சதுர சென்ரிமீட்டருக்கு நொடிக்கு 20 போட்டன் விழ, தொலைநோக்கி 3000 எண்ணினால், பயன்படு பரப்பு 150 சதுர சென்ரிமீட்டர். கதிரைக் கூட்டிவிடாதீர்கள். இரண்டு 5900 இ.வோ. போட்டன் ஒன்றாக விழுந்தால் உணரி ஒன்றென்று எண்ணி 11800இல் இல்லாத கோடு காட்டும்.

மேலே போன பிறகு

சந்திரா 1999 ஜூலையில் ஏவப்பட்டது. சில வாரங்களிலேயே, புவியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டையைக் கடக்கும்போது ஆடிகள் வழியே வந்த புரோத்தன்கள் உணரிகள் சிலவற்றைக் கெடுத்தன. தரையில் போட்ட அட்டவணை அவற்றுக்கு அப்படியே பொருந்தவில்லை. நல்லவேளை, கூடவே இரும்பு-55 கதிர் முதல் ஒன்றும், அதன் கதிர் படும்படி அலுமினியமும் டைட்டானியமும் போயிருந்தன. அலுமினியம், டைட்டானியம், மங்கனீசு என்று நம் வரைபுத்தாளில் உள்ள நான்கில் மூன்று கோடுகளை அது தரும். 2.7 ஆண்டு நினைவிருக்கிறதா? 25 ஆண்டுக்கு ஒன்பது தடவை பாதியாகி, ஐந்நூறில் ஒரு பங்குதான் மிச்சம். இப்போது காசியோபியா ஏ என்ற வெடித்த விண்மீனின் எச்சத்தையும் பார்த்துச் சரிசெய்கிறார்கள்.