ஒரு கணினி இறக்கினால் மற்றவற்றுக்கும் போதும்

வீட்டில் டெபியன் அல்லது உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளங்கள்) இயங்கும் கணினிகள் மூன்று நான்கு இருந்தால், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றில் ‘ஆப்ட்-கேச்சர்-என்ஜி’ மென்பொருளை நிறுவி, மற்றவற்றில் மென்பொருள்களை நிறுவிப் புதுப்பிக்கும் ‘ஆப்ட்’ கருவியின் அமைப்பில் அந்தக் கணினியின் முகவரியையும் 3142 என்ற போர்ட் எண்ணையும் ப்ராக்ஸியாக (இணையத்துக்கும் கணினிக்கும் நடுவே நிற்கும் இடையாளாக) கொடுத்துவிடுங்கள். முதல் கணினிக்காக இறங்கும் மென்பொருள் பொதிகள் அந்த ப்ராக்ஸி கணினியின் வட்டிலேயே தங்கிவிடுவதால், அடுத்தவை அதே பொதிகளை மீண்டும் இணையத்திலிருந்து இறக்காமல் வீட்டு வலையமைப்பிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. நூற்றுக்கணக்கான ஜிபி பிடிக்கும் முழுக் களஞ்சிய (எல்லாப் பொதிகளும் இருக்கும் இணையக் கிடங்கின்) நகல் வீட்டுக்குத் தேவையே இல்லை. களஞ்சியத்தின் கையொப்பத்தை ஒவ்வொரு கணினியும் தானே சரிபார்ப்பதால் பாதுகாப்பும் குறையாது.

ஆனால், எச்டிடிபிஎஸ் (https) முகவரி கொண்ட களஞ்சியங்களின் பொதிகளும், ஆப்ட் வழியாக வராத ஸ்னாப், ஃபிளாட்பேக் வகைப் பொதிகளும் இப்படிச் சேமிக்கப்படுவதில்லை. வெளியே எடுத்துச் செல்லும் மடிக்கணினியில் அந்த ப்ராக்ஸி வரியை நீக்காதவரை புதுப்பிப்பு நடக்காது.