இரு உலோகங்கள் சந்திக்கும் இடம்: வண்டியில் அரிமானத்தை வளர்க்கும் தவறுகள்

அலுமினியக் கதவில் எஃகுக் கீல் பொருத்தியுள்ள இடத்தைக் கவனித்தால், போல்ட்டைச் சுற்றி பெயின்ட் சிறு கொப்புளங்களாக எழும்பியிருப்பதைச் சில வண்டிகளில் காணலாம். கொப்புளத்தை நகத்தால் கீறினால் சிவந்த துரு வராது. சுண்ணாம்பைப் போன்ற வெண்பொடி உதிரும். அலுமினியம் துருப்பிடிக்காது என்ற நினைப்பில், அதைச் சுரண்டிவிட்டு மேலே மீண்டும் பெயின்ட் அடிப்பதே முதல் தவறு. அந்த வெண்பொடி, அரித்துப்போன அலுமினியம்; உலோகமாக இருந்தபோது பிடித்த இடத்தைவிடக் கூடுதலான இடம் அதற்குத் தேவைப்படுவதால்தான் பெயின்ட்டை அது தூக்குகிறது. கீலைக் கழற்றாமல் செய்யும் எந்தப் பூச்சும் அடியில் நடப்பதை நிறுத்தாது.

அடியில் நடப்பது ஒரு சிறிய மின்கலத்தின் வேலை. வெவ்வேறு உலோகங்கள் இரண்டு, அவற்றுக்கிடையே மின் தொடர்பு, இரண்டையும் ஒருசேர நனைக்கும் உப்பு கலந்த ஈரம் ஆகியவை சேர்ந்துவிட்டால், எளிதில் எலக்ட்ரானை இழக்கும் உலோகம் கரையத் தொடங்கும். மற்றது ஏறக்குறைய அப்படியே இருக்கும். வண்டியில் காணப்படும் பொருட்களை எளிதில் கரைவது முதல் வரிசைப்படுத்தினால் மக்னீசியம், துத்தநாகம், அலுமினியம், சாதாரண எஃகு, செம்பு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், கார்பன் ஃபைபர் என்று போகும். வரிசையில் இடைவெளி கூடக் கூட ஆபத்தும் கூடும். உப்புக்காற்றும் ஈரமும் உள்ள சூழலில் இரு உலோகங்களின் மின்னழுத்த வேறுபாடு 0.15 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்பது வடிவமைப்பாளர்கள் கைக்கொள்ளும் ஒரு வரம்பு. அலுமினியமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் இந்த வரம்பை எளிதாக மீறிவிடும்.

ஆனாலும் துருப்பிடித்த போல்ட்டை எடுத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் போல்ட்டைப் போடுவதுதான் பலரும் செய்யும் 'மேம்பாடு'. அந்த போல்ட் பல ஆண்டுகள் பளபளப்பாகவே இருக்கும். தான் கெடாமல் பக்கத்தில் இருப்பதைக் கெடுப்பது அதன் குணம். இதில் பரப்பளவுக்கும் பெரும் பங்கு உண்டு. அகன்ற எஃகுத் தகட்டில் சிறிய அலுமினிய ரிவெட் அடித்தால், தகடு முழுவதற்குமான இழப்பை அந்த ஒரு ரிவெட்டே தாங்கி விரைவில் கரைந்துவிடும். அகன்ற அலுமினியத் தகட்டில் சிறிய ஸ்டெயின்லெஸ் போல்ட் அந்த அளவுக்கு மோசமில்லை. எனினும் வண்டியின் மேல் படிவது மெல்லிய நீர்ப்படலம் என்பதால் அரிப்பு தகடெங்கும் பரவாமல் போல்ட்டைச் சுற்றிய வளையத்திலேயே குவிகிறது. மரைக்குள் வெண்பொடி இறுகிவிட்டால், கழற்றும் நாளில் போல்ட்டின் தலை முறிந்து கையோடு வரும். துத்தநாகப் பூச்சுள்ள எஃகு போல்ட் இங்கே மேலானது. பூச்சு முதலில் கரையும், பின் போல்ட் சிவக்கத் தொடங்கி நம்மை எச்சரிக்கும். பிரேக், சஸ்பென்ஷன் பகுதிகளில் அழகுக்காக ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாறவே கூடாது: 8.8 தர எஃகு போல்ட்டின் இழுவலிமை 800 மெகாபாஸ்கல், கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ஏ2-70 என்ற ஸ்டெயின்லெஸ் வகைக்கு அது 700 மட்டுமே.

அரிபடும் உலோகத்துக்கு மட்டும் பெயின்ட் அடிப்பது அடுத்த தவறு. பூச்சில் ஒரு கீறல் விழுந்தால், பூசப்படாத பெரிய எஃகுப் பரப்புக்கு எதிராக ஊசிமுனையளவு அலுமினியம் நிற்கும். அரிப்பு முழுவதும் அந்தப் புள்ளியில் இறங்கித் தகட்டைத் துளைத்துவிடும். இரண்டையும் பூச வேண்டும். ஒன்றைத்தான் பூச முடியும் என்றால், பார்வைக்குக் கேடின்றி இருக்கும் உலோகத்தைப் பூசுவதே சரி.

இடையே ஒரு தடுப்பு வைத்தால் போதும் என்ற எண்ணம் பழையது. 1761-இல் செப்புத் தகடு போர்த்தப்பட்ட பிரிட்டிஷ் போர்க்கப்பல் 'அலார்ம்' பின்னர் ஆய்வு செய்யப்பட்டபோது, இரும்பு ஆணிகள் பல அரித்துப்போயிருந்தன. தகடு சுற்றி வந்த பழுப்புத் தாள் இடையில் தங்கிய இடங்களில் மட்டும் ஆணிகள் பிழைத்திருந்தன. வண்டியிலும் தாளின் வேலையைச் செய்ய எதையாவது வைக்கிறார்கள். ஆனால் எதை வைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நீரை உறிஞ்சும் ஸ்பாஞ்ச், ஈரத்தை மூட்டிலேயே கட்டி வைக்கும். சில கறுப்பு ரப்பர்களில் கலந்துள்ள கார்பன், மின்சாரத்தைக் கடத்தும். செம்பு கலந்த கிரீஸும் கிராஃபைட் கிரீஸும் அலுமினியத்துக்குப் பகை. தகடுகளுக்கிடையே நல்ல பிளாஸ்டிக் படலத்தை வைத்துவிட்டு, வெறும் போல்ட்டை இரண்டின் ஊடாகவும் செலுத்தினால் அந்த போல்ட்டே பாலமாகிவிடும். தண்டைச் சுற்றி நைலான் புஷ்ஷும் (குழாய் போன்ற உறை) தலைக்கு அடியில் நைலான் வாஷரும் தேவை. பெரும் இறுக்கம் வேண்டிய மூட்டுகளில் நைலான் நசுங்கிவிடும் என்பதால் அங்கே இந்த வழி உதவாது.

இவ்வளவும் செய்தவர்கள்கூடத் தவறவிடுவது எர்த் கம்பி. பல வண்டிகளில் விளக்குகளின் மின்சாரம் உடல்தகடு வழியாகவே பேட்டரிக்குத் திரும்புகிறது. தகட்டை முழுமையாகத் தனிமைப்படுத்தினால் விளக்கு எரியாது. எர்த் கம்பியை இணைத்தாலோ, நாம் அறுத்த மின் தொடர்பு அதன் வழியாக மீண்டும் வந்துவிடுகிறது. ஆகவே வண்டியில் இடைத்தடுப்பின் முதன்மையான பயன் மின்சாரத்தை நிறுத்துவதன்று. இரு உலோகங்களையும் ஒரே நீர்ப்படலம் தொடாதவாறு விலக்கி வைப்பதே. விளிம்பு, துளை, மரை மூன்றிலும் சீலன்ட் (நீர் புகாமல் அடைக்கும் பசை) பூசி ஈரமாக இருக்கும்போதே போல்ட்டை இறுக்குவது இதனால்தான் முக்கியமாகிறது. மரை வழுக்கலாகிவிட்டால் அதே டார்க்கில் (முறுக்கும் விசையில்) போல்ட் கூடுதலாக இழுபடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எர்த் முனை அமரும் இடத்தை மட்டும் பளிச்சென்று சுரண்டி, வெள்ளீயம் பூசிய செப்பு முனையை இறுக்கிய பின்பு மேலே மூட வேண்டும். முன்பே சீலன்ட் தடவினால் தொடர்பு கெடும்.

அலுமினியத்தைச் சாதாரண இரும்புக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கக் கூடாது. பதிந்துவிடும் இரும்புத் துகள் ஒவ்வொன்றும் ஒரு புதிய மின்கலம். மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரையட்டும் என்று படகில் கட்டுவதுபோல் வண்டியின் உடலில் துத்தநாகக் கட்டியைப் பொருத்துவதும் பணவிரயமே; படகைச் சுற்றி எந்நேரமும் நீர் உண்டு, அந்தத் தொடர்ச்சியான நீர் இல்லாமல் கட்டியால் தொலைவிலுள்ள தகட்டைக் காக்க முடியாது. தயாரிப்பாளர் விதித்த போல்ட்டையும் மாற்றிப் போடக் கூடாது. மக்னீசியக் கலவை உடலைக் கொண்ட பிஎம்டபிள்யூ என்52 எஞ்சினில் அலுமினிய போல்ட்டுகளே வருகின்றன, ஒருமுறை கழற்றினால் புதியவற்றையே போட வேண்டும். வலுவானது என்று அங்கே எஃகு போல்ட்டைச் செலுத்தினால் மக்னீசியம்தான் கரையும்.