ஆடி முழுக்கச் சும்மா கிடக்கும் ட்ரோன் பேட்டரியை எந்த சார்ஜில் வைப்பது?

ஆனி மாதக் கடைசி முகூர்த்தம் முடிந்தால் கல்யாண வீடியோ எடுப்பவர்களுக்கு ஆவணி வரைக்கும் ஓய்வுதான். கேமராவைத் துடைத்து, ட்ரோனை மடித்து, பேட்டரிகளை மட்டும் "அடுத்த வேலைக்குத் தயாராக இருக்கட்டும்" என்று ஃபுல் சார்ஜ் போட்டுப் பையில் வைத்துவிடுவோம். பேட்டரி கெட ஆரம்பிப்பது அங்கேதான்.

நானும் ஒரு பங்குனியில் அப்படித்தான் செய்தேன். கடைசி நேரத்தில் ஒரு வேலை தள்ளிப்போனது. ஃபுல் சார்ஜில் இருந்த மூன்று பேட்டரிகளை பீரோவின் மேல்தட்டில் வைத்துவிட்டு மறந்துவிட்டேன். சித்திரை வெயில் முழுவதும் அவை அங்கேயே கிடந்தன. ஆறு வாரம் கழித்து எடுத்தால் ஒன்று ட்ரோனுக்குள் நுழையவே இல்லை. தட்டையாக இருக்க வேண்டிய பக்கம் பூரி மாதிரி உப்பியிருந்தது. கட்டைவிரலால் லேசாகத் தொட்டபோது உள்ளே காற்று அடைத்த மெத்தை போல இருந்தது. மற்ற இரண்டும் பறந்தன, ஆனால் பழைய நேரத்துக்கு நிற்கவில்லை. ஒரு நிமிடம்கூடப் பறக்காமல் மூன்று பேட்டரியின் ஆயுளை இழந்தேன். உங்களுக்கு அது நடக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

பாதி சார்ஜில்தான் வைக்க வேண்டும். ஏன்?

ட்ரோனில் இருப்பது பெரும்பாலும் லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர் பேட்டரி. அதற்குள் இருக்கும் ஒரு செல், அதாவது ஒரு சிறு மின்கலம், முழுதாக ஏறினால் 4.20 வோல்ட் காட்டும். அந்த நிலையில் உள்ளே இருக்கும் திரவம் நேர்மின் தகட்டோடு மெல்ல மெல்ல வினைபுரிந்துகொண்டே இருக்கும். அதில் வாயு உண்டாகிறது. உப்பல் அந்த வாயுதான். வெப்பம் கூடக்கூட இந்த வினை வேகமெடுக்கும். ஆகவே ஃபுல் சார்ஜும் நம் ஊர் வெயிலும் சேர்ந்தால் பேட்டரிக்கு இரட்டை அடி.

சரி, காலியாக வைத்துவிடலாமா? அதுவும் ஆபத்து. சும்மா இருந்தாலும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். செல் 3 வோல்ட்டுக்கும் கீழே வெகுவாகப் போய்விட்டால் எதிர்மின் பக்கத்துச் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேறு இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும். அடியோடு இறங்கிப்போன பேட்டரியை வேறு சார்ஜரில் போட்டு "உயிர் கொடுக்க" யாராவது சொல்லித் தந்தால் தயவுசெய்து செய்யாதீர்கள்.

இரண்டுக்கும் நடுவில் பேட்டரி நிம்மதியாக இருக்கும் இடம், செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட். சதவீதத்தில் ஏறக்குறைய 40 முதல் 60. முழு பேக்குக்குக் கணக்குப் போட்டால் (3எஸ் என்றால் மூன்று செல்லைத் தொடராக இணைத்த பேக்):

3எஸ் – 11.4 முதல் 11.55 வோல்ட்
4எஸ் – 15.2 முதல் 15.4 வோல்ட்
6எஸ் – 22.8 முதல் 23.1 வோல்ட்

4.35 வோல்ட் வரை ஏறும் ஹெச்வி வகை பேட்டரிக்கும் இதே 3.80–3.85தான்.

படி 1: ஆறவிட்டு அளந்து பாருங்கள்

பறந்து இறங்கியதும் பேட்டரி கைக்குச் சூடாக இருக்கும். அப்போது அளக்கவும் வேண்டாம், சார்ஜில் போடவும் வேண்டாம். மோட்டார் இழுக்கும்போது வோல்டேஜ் அமுங்கி, ஓய்வில் மேலே வரும். அரை மணி நேரம் நிழலில் விட்டுவிட்டு அளந்தால் உண்மையான எண் தெரியும்.

அளக்க ஒரு சின்ன செல் செக்கர் போதும். தடித்த வயரில் செருக வேண்டாம். பக்கத்தில் பல மெல்லிய வயர்களோடு வெள்ளை பிளக் ஒன்று இருக்கும், அதுதான் பேலன்ஸ் வயர். அதில் கருப்பு வயர் எந்த முனையோ, செக்கரின் மைனஸ் முனை அங்கே வர வேண்டும். மொத்த வோல்டேஜும் ஒவ்வொரு செல்லின் வோல்டேஜும் மாறி மாறி ஓடும். எல்லாச் செல்லும் ஏறத்தாழ ஒரே எண் காட்ட வேண்டும். ஒன்று மட்டும் 0.05 வோல்ட்டுக்கு மேல் பின்தங்கினால் அந்த பேக்கின் மேல் ஒரு கண் வையுங்கள்.

அளந்து முடிந்ததும் செக்கரைக் கழற்றிவிடுங்கள். இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. அது பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுக்கிறது. செருகியபடியே இரண்டு வாரம் விட்டால் பேட்டரியைச் சாகடித்துவிடும்.

படி 2: பாதிக்குக் கொண்டு வாருங்கள்

சார்ஜரில் 'ஸ்டோரேஜ்' என்று ஒரு தேர்வு இருக்கும். செல் எண்ணிக்கையைச் சரியாகப் போட்டு அதை ஓட்டினால், குறைவாக இருந்தால் ஏற்றும், அதிகமாக இருந்தால் இறக்கும். ஏற்றுவது சீக்கிரம் முடிந்துவிடும். இறக்குவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள்.

பலரிடம் இருக்கும் ஐமேக்ஸ் பி6 வகைச் சின்ன சார்ஜரால் 5 வாட் அளவுக்குத்தான் இறக்க முடியும். 1500 எம்ஏஎச் கொள்ளளவுள்ள 4எஸ் பேட்டரியில் இருக்கும் மின் ஆற்றல் சுமார் 22 வாட் அவர். அதில் பாதியை இறக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும், பரவாயில்லை. ஆனால் மருந்தடிக்கும் ட்ரோனில் வரும் 6எஸ் 16,000 எம்ஏஎச் பேக்கை எடுங்கள். அது 355 வாட் அவர். பாதி இறக்க 35 மணி நேரம்! ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கப் போகும் வேலையே இல்லை இது. இப்படிப் பெரிய பேக் வைத்திருப்பவர்கள், காலி டேங்கோடு திறந்த வெளியில் தாழ்வாக நிறுத்திப் பறக்கவிட்டு இறக்குவதே நல்லது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை வோல்டேஜைப் பாருங்கள்.

என் பழக்கம் இதைவிட எளிது. வேலைக்கு முந்தைய ராத்திரிதான் ஃபுல் சார்ஜ். வேலை முடிந்து வரும்போது பேட்டரி எப்படியும் இறங்கியிருக்கும். அன்றைக்கே ஸ்டோரேஜில் போட்டு ஏற்றிவிட்டால் இறக்கும் தொல்லையே வராது. வேலை தள்ளிப்போனால் ஃபுல் சார்ஜில் இரண்டு மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் விடுவதில்லை.

டிஜேஐ போன்ற ட்ரோன்களின் பேட்டரிக்குள்ளேயே ஒரு சிறு மூளை இருக்கிறது. சில நாள் தொடாமல் இருந்தால் தானாகவே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். அப்போது லேசாகச் சூடாவது இயல்பு, பயப்பட வேண்டாம். எத்தனை நாளில், எவ்வளவுக்கு என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டில் இருக்கும். அதை மட்டுமே நம்பாமல், வைக்கும் முன் பட்டனை ஒரு தடவை அழுத்திப் பாருங்கள். நான்கு விளக்கில் இரண்டு அல்லது மூன்று எரிந்தால் போதும்.

படி 3: இடம் தேர்ந்தெடுங்கள்

15 முதல் 25 டிகிரி வெப்பம்தான் பேட்டரிக்குப் பிடித்தது. நம் வீடுகளில் வருடம் முழுக்க அது கிடைக்காது. வீட்டிலேயே குளுமையான அறை எதுவோ அங்கே, தரையை ஒட்டிய தட்டில் வையுங்கள். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் பரண் வேண்டவே வேண்டாம், மதியம் அது அடுப்பு மாதிரி கொதிக்கும். வெயிலில் நிற்கும் கார் டிக்கியும் அப்படித்தான். ஃபிரிட்ஜும் வேண்டாம். வெளியே எடுத்ததும் ஈரம் பூத்துக்கொள்ளும்.

துணி, பேப்பர், மெத்தை, கேஸ் சிலிண்டர் எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. வாசலுக்குப் போகும் வழியிலும் வைக்காதீர்கள். ஒருவேளை தீப்பிடித்தால் நீங்கள் தப்பிக்கும் வழி அதுதான்.

ட்ரோனிலிருந்து கழற்றி, பிளக் முனைகளுக்கு மூடி போட்டு, ஒவ்வொன்றையும் தீ தாங்கும் லிப்போ பையில் வையுங்கள். பை இல்லாவிட்டால் மண்பானையில் காய்ந்த மணல் பரப்பி, மேலே ஓடு வைத்து லேசாக மூடலாம். எவர்சில்வர் தூக்கில் போட்டு இறுக்கி மூடுவது தவறு. உலோகத்தில் முனைகள் பட்டால் ஷார்ட் ஆகும். தீ பிடித்தால் வாயு வெளியேற வழியில்லாமல் டப்பா வெடிக்கும்.

படி 4: தேதி எழுதி ஒட்டுங்கள்

ஒரு துண்டு டேப்பில் தேதியும் வோல்டேஜும் எழுதி பேட்டரியில் ஒட்டுங்கள். "ஆடி 1, 15.3" என்று எழுதினால் போதும். மாதம் ஒரு முறை அளந்து பாருங்கள். செல் 3.7ஐ நோக்கி இறங்கியிருந்தால் மறுபடி ஸ்டோரேஜுக்கு ஏற்றுங்கள்.

உப்பிய பேட்டரி கிடைத்தால்

குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், சார்ஜில் போடாதீர்கள். மணல் வாளியில் வைத்து வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். குப்பை வண்டியில் போட்டால் வண்டியிலேயே நசுங்கித் தீப்பிடிக்கலாம். மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள். புகை வர ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்காதீர்கள், அந்தப் புகை நச்சு. எல்லோரையும் வெளியே கூட்டி வந்து 101க்குக் கூப்பிடுங்கள்.

ஆவணி பிறந்ததும்

முதல் முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் பேட்டரிகளை எடுத்து மேசையில் படுக்க வைத்துப் பாருங்கள். தட்டையாக, ஆடாமல் கிடக்க வேண்டும். டேப்பில் எழுதிய எண்ணோடு செக்கர் எண்ணை ஒப்பிடுங்கள். சரியாக இருந்தால், 1500 எம்ஏஎச் பேட்டரிக்கு 1.5 ஆம்பியர் என்ற கணக்கில், எல்லாச் செல்லையும் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜ் போடுங்கள், ஆளும் பக்கத்திலேயே இருங்கள். மண்டபத்துக்குக் கொண்டு போகும் முன் வீட்டுப் பக்கத்துத் திறந்த வெளியில் தலை உயரத்துக்கு ஏற்றி இரண்டு நிமிடம் நிறுத்திப் பாருங்கள். ஏதாவது ஒரு செல் மற்றவற்றைவிட வேகமாக இறங்கினால், மாப்பிள்ளை அழைப்புக் கூட்டத்தின் தலைக்கு மேல் அந்த பேட்டரி போகக் கூடாது. அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மீதியோடு கிளம்புங்கள்.