டிரான்ஸ்ஃபார்மர் இம்பீடன்ஸ்: மென்பொருள் கத்தாத தவறுகள்

மின் கட்டமைப்பைக் கணினியில் மாடல் செய்யும்போது, பஸ் (லைன்களும் டிரான்ஸ்ஃபார்மர்களும் சேரும் முனை) எண்ணைத் தப்பாக அடிப்பது யாருக்கும் நடக்கும், மென்பொருளே கத்திவிடும். டிரான்ஸ்ஃபார்மரின் இம்பீடன்ஸை, அதாவது மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடையை, உள்ளிடும்போது அது கத்தாமல் விழுங்கிக்கொள்ளும் தவறுகள்தான் வில்லங்கம். புதிதாக வருபவர்கள் என் பழைய சொதப்பல்களை வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நேம்பிளேட் சதவீதத்தை அப்படியே போடுவது

நேம்பிளேட்டில் 25 எம்விஏ (டிரான்ஸ்ஃபார்மரின் திறன்), 10% (இம்பீடன்ஸ்) என்று இருக்கும். நம் ஆள் 0.1 என்று அடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். அந்த 10%, டிரான்ஸ்ஃபார்மரின் சொந்த பேஸில், அதாவது அதன் 25 எம்விஏ-வை அளவுகோலாக வைத்துச் சொன்னது. மாடல் முழுவதற்கும் பொதுவான சிஸ்டம் பேஸ் 100 எம்விஏ என்றால் 0.1 × 100 / 25 = 0.4. நாலு மடங்கு வித்தியாசம்! லோட் ஃப்ளோவோ (எந்தப் பாதையில் எவ்வளவு மின்சாரம் பாய்கிறது என்ற கணக்கு) சமர்த்தாகக் கன்வெர்ஜ் ஆகும், விடை வந்துவிடும்.

என் கதை இன்னும் மோசம். ஒரே மாதிரி இரண்டு டிரான்ஸ்ஃபார்மர்கள், இணையாக. இரண்டிலும் 0.1. ஒன்றில் மட்டும் தப்பு என்றால் லோடு 80-க்கு 20 என்று பிரிந்து காட்டிக் கொடுத்திருக்கும். இரண்டுமே தப்பு, சரிபாதியாகப் பிரிந்து அழகாக நின்றது. ஒவ்வொன்றிலும் 20 மெகாவாட், 15 மெகாவார். 100 எம்விஏ பேஸில் அந்த 15 மெகாவார் 0.15; வோல்டேஜ் இறக்கம் தோராயமாக 0.15 × 0.4, அதாவது 6%. என் ரிப்போர்ட்டில் 1.5%தான். வோல்டேஜைத் தூக்கிவிடும் கபாசிட்டர் பேங்க் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று.

ஷார்ட் சர்க்யூட் கணக்கைப் பார்த்த சீனியர்தான் பிடித்தார். "25 எம்விஏ, 10%. இது ஒன்று வழியாக எப்படிப்பா 900 எம்விஏ ஃபால்ட் வரும்? பின்னால் எவ்வளவு பெரிய கிரிட் இருந்தாலும் 250-ஐத் தாண்டாதே!" ரிப்போர்ட் முழுவதையும் திரும்ப எழுதினேன். 25-ஐ 0.1-ஆல் வகுக்கும் அந்த ஒரு வரிக் கணக்கை இன்றுவரை எந்த மாடலிலும் விடுவதில்லை.

பிஎஸ்எஸ்இ (PSS/E) மென்பொருளில், இம்பீடன்ஸ் எந்த பேஸில் என்று சொல்லும் சிஇசட் (CZ) கோட் 1 என்றால் சிஸ்டம் பேஸ், 2 என்றால் வைண்டிங்கின் சொந்த பேஸ். அந்தக் கோட் எண்ணை 2 ஆக்கிவிட்டு, கையாலும் மாற்றி 0.4 போட்டு, ஒரே மாற்றத்தை இரண்டு முறை செய்தவரையும் பார்த்திருக்கிறேன்.

அப்புறம், ஃபேன் இல்லாமல் 15, ஃபேனோடு 25 எம்விஏ என்று இரண்டு ரேட்டிங் இருந்தால், சதவீதம் எந்த ரேட்டிங்குக்கு என்று டெஸ்ட் ரிப்போர்ட்டில் பாருங்கள். ஊகிக்காதீர்கள்.

ரெசிஸ்டன்ஸ் பூஜ்யம்

ரெசிஸ்டன்ஸைப் பூஜ்யமாகவே விட்டால், லாஸ் எவ்வளவு என்று கேட்கும்போது அசடு வழிய வேண்டியதுதான். லோடு லாஸை எம்விஏ-வால் வகுங்கள்: 25 எம்விஏ-வுக்கு 100 கிலோவாட் என்றால் ரெசிஸ்டன்ஸ் 0.4%, சொந்த பேஸில்.

மூன்று வைண்டிங்

மூன்று வைண்டிங் டிரான்ஸ்ஃபார்மரில் இரண்டிரண்டு வைண்டிங்காக இம்பீடன்ஸ் அளக்கும் மூன்று ஜோடிச் சோதனைகளும் வெவ்வேறு பேஸில் இருக்கலாம். ஒரே பேஸுக்குக் கொண்டுவந்த பிறகே ஸ்டாராக (ஒரு புள்ளியில் சேரும் மூன்று கைகளாக) மாற்றுங்கள். ஒரு கை மைனஸில் வந்தால் பதறிப்போய்த் 'திருத்த' வேண்டாம், அது வரும்.

டேப் எந்தப் பக்கம்?

வோல்டேஜைச் சரிசெய்யும் டேப் எந்த வைண்டிங்கில் இருக்கிறது என்று டிராயிங்கைப் பாருங்கள்.