பழைய உலோகப் பல் அடைப்பை மாற்றுவதற்கு முன்: நாள்பட்ட நோய் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடைவாய்ப் பல்லில் கறுத்துப்போய்த் தெரியும் பழைய அடைப்புக்கு அமால்கம் என்று பெயர். பேச்சுவழக்கில் வெள்ளி அடைப்பு என்பார்கள். ஆனால் அதன் எடையில் ஏறக்குறைய பாதி பாதரசம். மீதிதான் வெள்ளி, வெள்ளீயம், செம்பு எல்லாம். ஏற்கெனவே ஒரு நோயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பவர் இதைக் கேள்விப்பட்டதும் "எல்லாவற்றையும் உடனே எடுத்துவிட வேண்டும்" என்று கிளம்புவது இயல்புதான். பெரும்பாலான தவறுகள் அந்த அவசரத்தில்தான் நடக்கின்றன.

அடைப்பு சும்மா இருக்கும்போது அதிலிருந்து வெளிவரும் பாதரச ஆவி மிகக் குறைவு. சூயிங்கம் ஓயாமல் மென்றால், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடித்தால் கொஞ்சம் கூடும். ஆனால் சுழலும் துளைக்கருவி அதன்மேல் பட்டுச் சூடேறும்போது ஆவியும் நுண்துகளும் ஒரேயடியாகக் கிளம்பும். விழுங்கிய அமால்கம் துணுக்கிலிருந்து குடல் பாதரசத்தை ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை. மூச்சில் போகும் ஆவி அப்படியல்ல; அதில் சுமார் 80 சதவீதம் நுரையீரல் வழியாக இரத்தத்தில் கலந்துவிடும். ஆக, வருடக்கணக்காக வாயில் இருந்த காலத்தைவிட, அதை எடுக்கும் அந்த அரைமணி நேரத்தில்தான் கவனம் அதிகம் வேண்டும்.

பாதி செய்தியைப் படித்துவிட்டு முடிவெடுப்பது

2020 செப்டம்பரில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஓர் அறிவுரை வெளியிட்டது. கர்ப்பிணிகள், கர்ப்பம் தரிக்கத் திட்டமிடுபவர்கள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள், சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்கள், மல்டிபிள் ஸ்கிளரோசிஸ், அல்சைமர், பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் உள்ளவர்கள், பாதரச ஒவ்வாமை உள்ளவர்கள் ஆகியோருக்கு முடிந்தவரை அமால்கம் புதிதாக வைக்க வேண்டாம் என்றது. பலரும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நல்ல நிலையில் இருக்கும் பழைய அடைப்பை மருத்துவக் காரணம் இல்லாமல் எடுக்க வேண்டாம் என்பதும் அதே அறிவுரையில் இருக்கிறது. புதிதாக வைக்காதே என்பது வேறு, இருப்பதைப் பெயர்த்தெடு என்பது வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் அமால்கத்துக்குப் பெரும்பாலும் தடை விதித்திருப்பதும் புதிய அடைப்புகளுக்குத்தான்.

எப்போது மாற்றலாம்? ஓரம் உடைந்து உணவு சிக்கும்போது, அடியில் மறுபடி சொத்தை விழுந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரியும்போது, பல்லில் விரிசல் ஓடும்போது. இன்னொரு நியாயமான காரணமும் உண்டு: அடைப்பு உரசும் இடத்தில் மட்டும் கன்னத்தின் உட்புறம் வலைபோன்ற வெள்ளைக் கோடுகளும் எரிச்சலும் இருப்பது. இது அமால்கத்துக்கு உடல் காட்டும் எதிர்வினையாக இருக்கலாம். எடுத்தால் பெரும்பாலும் ஆறிவிடும். வெறுமனே கறுத்திருப்பது ஒரு காரணமே இல்லை. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குழி சற்றுப் பெரிதாகும், நல்ல பல்லும் கொஞ்சம் போகும். ஏற்கெனவே பெரிய அடைப்பாக இருந்தால் நரம்பு சீண்டப்பட்டு வேர் சிகிச்சையில் போய் நிற்கவும் வாய்ப்புண்டு.

அடைப்பை எடுத்தால் சோர்வு போகும், மூட்டுவலி குறையும், நரம்பு நோய் நிற்கும் என்று யாராவது உறுதி சொன்னால், அவர் பல் மருத்துவராகவே இருந்தாலும், நான் அந்த நாற்காலியில் உட்கார மாட்டேன்.

நோய் விவரத்தை "சர்க்கரை, பிரஷர்" என்று இரண்டு சொல்லில் முடிப்பது

என்னைக் கேட்டால், இதுதான் உண்மையிலேயே ஆபத்தான தவறு. பாதரசத்தைப் பற்றி இரவெல்லாம் படிப்பவர்கள்கூட மாத்திரைப் பட்டியலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள்.

சர்க்கரை நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் இன்சுலின் போட்டாயிற்று. "பல் வேலைதானே" என்று சாப்பிடாமல் வருகிறார். கீழ்த்தாடையில் மரத்துப்போகும் ஊசி போட்டால் உதடும் நாக்கும் மூன்று, நான்கு மணி நேரம் மரத்துக் கிடக்கும். மென்றால் நாக்கைக் கடித்துக்கொள்வோம் என்று அப்புறமும் சாப்பிடுவதில்லை. சர்க்கரை சரசரவென்று இறங்குகிறது. காலையிலேயே நேரம் வாங்கி, வழக்கம்போல் சாப்பிட்டு, மருந்தும் போட்டுக்கொண்டு, சர்க்கரை அளக்கும் கருவியோடு போனால் இந்தச் சிக்கலே வராது.

இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் தாங்களாகவே அதை நிறுத்திவிட்டு வருவது இன்னொன்று. வெறும் அடைப்பு மாற்றத்துக்கு அதை நிறுத்தத் தேவை பெரும்பாலும் வராது. நிறுத்தினால் வரக்கூடிய பக்கவாதம் ஈறில் கசியும் இரத்தத்தைவிடப் பல மடங்கு மோசம். ஸ்டீராய்டு மாத்திரையும் அப்படித்தான், ஒருநாள்கூடத் திடீரென்று விடக்கூடாது. மரத்துப்போகும் ஊசியில் பல சமயம் அட்ரினலின் கலந்திருக்கும். இதய நோயாளிகளும், ப்ராப்ரனலால் போன்ற பீட்டா பிளாக்கர் வகை இதய, இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும் இதை முன்கூட்டியே சொன்னால் மருத்துவர் அளவைக் குறைப்பார், அல்லது வேறு ஊசி தேர்வார். இரத்த அழுத்தம் 180/110-ஐத் தாண்டி நிற்கும் நாளில் அவசரமில்லாத பல் வேலையைத் தள்ளிப்போடுவதுதான் முறை.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு அதற்கு அடுத்த நாள் நல்லது. டயாலிசிஸ் அன்று உடலில் ஹெப்பாரின் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்து இருக்கும், களைப்பும் இருக்கும். கீமோதெரபியில் இருப்பவர்கள் எந்த வாரம் என்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். செயற்கை இதய வால்வு உள்ளவர்கள், ஈறு கிளறப்படும் வேலையாக இருந்தால் முன்னதாக ஆன்டிபயாடிக் வேண்டுமா என்று கேட்க வேண்டும். ஆஸ்துமா இருந்தால் இன்ஹேலர் கையில் இருக்கட்டும். சொல்லிக்கொண்டே போகலாம். சுருக்கமாக, மருந்துச்சீட்டையும் கடைசி இரத்தப் பரிசோதனையையும் அப்படியே கொண்டுபோய்க் கொடுங்கள். நோய் தலைதூக்கியிருக்கும் காலத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள். நல்ல நிலையில் உள்ள அடைப்பு இரண்டு மாதம் காத்திருக்கும்.

எப்படி எடுப்பார்கள் என்று கேட்காமலே வாயைத் திறப்பது

நாற்காலியில் சாய்வதற்கு முன் கேட்டுவிடுங்கள். ரப்பர் டேம் போடுவார்களா? மெல்லிய ரப்பர் விரிப்பில் துளையிட்டு, பல் மட்டும் வெளியே தெரியும்படி வாயை மூடிவிடுவார்கள். துணுக்கு எதுவும் தொண்டைக்குப் போகாது. லேடெக்ஸ் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லுங்கள், மாற்று விரிப்பு இருக்கிறது. பல்லுக்குப் பக்கத்திலேயே வலுவான உறிஞ்சுகுழாய் இருக்க வேண்டும். நீர் தாராளமாகப் பாய வேண்டும். முக்கியமாக, அடைப்பை மாவுபோல் அரைத்தெடுக்காமல் குறுக்கே வெட்டி, துண்டுதுண்டாகப் பெயர்த்தெடுக்க வேண்டும். அரைப்பது குறைந்தால் ஆவியும் குறையும். அறையில் காற்றோட்டம் வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு எரிச்சல்படுகிற மருத்துவமனை என்றால் வேறு இடம் பார்ப்பது மேல்.

மல்லாந்து படுத்தால் மூச்சு வாங்குபவர்களும், நெஞ்செரிச்சல் உள்ளவர்களும், விரிப்பு போட்டால் மூச்சு முட்டுமோ என்று பயப்படுபவர்களும் அதையும் சொல்லிவிட வேண்டும். நாற்காலியைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொள்ளலாம், நடுநடுவே நிறுத்தலாம்.

ஒரே நாளில் ஏழெட்டு அடைப்பையும் எடுத்துவிடச் சொல்வது வேண்டாம். ஆவியின் அளவு ஒருபக்கம் இருக்கட்டும். நீண்ட நேரம் வாயைத் திறந்திருப்பதும், ஊசிமேல் ஊசி போடுவதும், பிறகு எந்தப் பல் வலிக்கிறது என்றே தெரியாமல் தவிப்பதும் பலவீனமான உடலுக்குத் தேவையில்லாத சுமை.

வெள்ளையாக இருந்தால் போதும் என்று நினைப்பது

பல் நிறத்தில் வைக்கும் காம்போசிட் அழகானது, ஆனால் ஈரம் அதற்கு ஆகாது. மெல்லிய அடுக்குகளாக வைத்து ஒவ்வொன்றையும் ஒளியால் இறுக்க வேண்டும். நடுவில் எச்சில் பட்டால் ஒட்டாது. பின்பற்களில் அமால்கத்தைவிடச் சீக்கிரம் பழுதாகும் என்பதையும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எச்சில் சுரப்பிகளைத் தாக்கும் ஷோக்ரன் நோயாலோ மாத்திரைகளாலோ வாய் வறண்டவர்களுக்கு ஓரங்களில் மறுபடி சொத்தை விழும் ஆபத்து அதிகம். அவர்களுக்குச் சில இடங்களில் ஃபுளோரைடு விடும் கிளாஸ் அயனோமர் என்ற அடைப்புப் பொருள் பொருத்தமாக இருக்கும். பெரிய குழியென்றால் செராமிக் உறையும் உண்டு. ஒவ்வாமை உள்ளவர்கள் காம்போசிட்டில் உள்ள ரெசின் என்ற பிசினுக்கும் தோல் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பாதரசத்துக்குப் பயந்து ரெசினிடம் மாட்டிக்கொண்டவர்களும் இருக்கிறார்கள்.

'நச்சுநீக்கம்' என்ற பெயரில் இன்னொரு தொல்லை

முதலில் மருந்து கொடுத்து பாதரசத்தைச் சிறுநீரில் கிளப்பிவிட்டு, பிறகு அளந்து பார்த்து, "பார்த்தீர்களா, எவ்வளவு!" என்று பயமுறுத்தும் பரிசோதனை ஒன்று உண்டு. அந்த மருந்து கொடுத்தால் யாருக்கும் அளவு கூடித்தான் காட்டும். அந்த எண்ணுக்கு ஒப்பிடச் சரியான அளவுகோல் கிடையாது. உண்மையிலேயே தெரிய வேண்டுமென்றால் எந்த மருந்தும் கொடுக்காமல் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனை போதும். இரத்தத்தில் காட்டுவது பெரும்பாலும் சாப்பிட்ட மீனிலிருந்து வந்தது.

உலோகத்தைக் கட்டி வெளியேற்றும் கீலேஷன் மருந்துகள் விளையாட்டில்லை. அவற்றில் ஒன்றான ஈடிடிஏ-வில் தவறான வகையை ஏற்றியதால் இரத்தத்தில் கால்சியம் சரிந்து 2003-க்கும் 2005-க்கும் இடையில் அமெரிக்காவில் மூன்று பேர் இறந்திருக்கிறார்கள். அதில் இருவர் குழந்தைகள். மூலிகை, கரித்தூள் எல்லாம் பாதகமில்லை என்று நினைக்க வேண்டாம். கரித்தூள் வலிப்பு மாத்திரையையும் சேர்த்தே பிடித்துக்கொண்டு போய்விடும். குளோரெல்லா என்ற பாசித்தூளில் உள்ள வைட்டமின் கே, இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின் வேலையைக் கெடுக்கும். அடைப்பு போனபின் உடலிலுள்ள பாதரசம் சில மாதங்களில் தானாகவே படிப்படியாகக் குறையும்.

வேலை முடிந்து சில நாட்கள் குளிர்ச்சிக்குக் கூசுவது சகஜம். கடிக்கும்போது மட்டும் வலித்தால் அடைப்பு கொஞ்சம் உயரமாக இருக்கலாம். போய்ச் சொன்னால் சில நிமிடத்தில் தேய்த்துச் சரிசெய்துவிடுவார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இரத்த உறைவுத் தடுப்பு மருந்து எடுப்பவர்களும் வலிக்கு ஐபுப்ரோஃபென் போட்டுக்கொள்ளக் கூடாது. பாராசிட்டமால் எவ்வளவு எடுக்கலாம் என்று கேட்டுக்கொண்டே வாருங்கள். இரவில் தானாகத் துடிக்கும் வலி, சூடு பட்டால் நின்று வலிப்பது, முகவீக்கம், காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் மறுநாள்வரை காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.