தோட்டத்துல விறகு பீட்சா அடுப்பு: சென்னை வெயிலுக்கும் மழைக்கும் தாங்குற மாதிரி கட்டுறது எப்படி

வீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் எடம் இருக்கு, செங்கல்ல ஒரு விறகு பீட்சா அடுப்பு கட்டலாம்னு நெனைக்கிறவங்க முதல்ல மனசுல வெச்சுக்க வேண்டியது ரெண்டே விஷயம்: சூடு வெளிய போகக் கூடாது, தண்ணி உள்ள வரக் கூடாது. கும்மட்டம் எவ்ளோ அழகா இருக்கு, மேல என்ன டைல்ஸ் ஒட்டலாம்ங்கிறதெல்லாம் அப்புறம். யூடியூப்ல பாக்குற வீடியோ பெரும்பாலும் குளிர் ஊர்க்காரங்க எடுத்தது, நமக்கு அக்டோபர்ல ஆரம்பிச்சா டிசம்பர் வரைக்கும் வடகிழக்கு மழை, வருஷம் பூரா காத்துல ஈரம், அதனால அவங்க சொல்றதுல சிலத மாத்தித்தான் செய்யணும். பொங்கல் முடிஞ்ச கையோட வேலைய ஆரம்பிங்க, வெயில் காலத்துலயே அடுப்பு நல்லா காஞ்சுடும், மழைக்கு முன்னாடி கூரையும் போட்டுடலாம்.

மொட்டை மாடியில கட்டலாமான்னு நெறைய பேர் கேக்குறாங்க. வேணாம். உள்ளளவு 3 அடி இருக்குற அடுப்புக்கு ஃபயர் பிரிக், அதாவது நெருப்பு தாங்குற செங்கல் மட்டுமே 600 கிலோ கிட்ட வரும், கலவை, பூச்சு எல்லாம் சேந்தா டன்ன நெருங்கும், கீழ ஸ்டாண்டும் ஸ்லாபும் தனி. ஆள் நடமாடுற மொட்டை மாடிக்கு கட்டடம் எவ்ளோ பாரம் தாங்கணும்னு சொல்ற ஐஎஸ் 875 கோட்ல லைவ் லோடு, அதாவது மேல வர்ற ஆள், சாமான் பாரம், சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன், அதாவது சுமாரா 150 கிலோ. கணக்கு போட்டா நீங்களே விட்டுடுவீங்க. தரையில கட்டுங்க, மேல தென்னை மட்டையோ கரண்ட் ஒயரோ இல்லாத எடமா பாருங்க, மத்தியானத்துக்கு மேல கடக்காத்து கிழக்கு தென்கிழக்குல இருந்து வரும், அடுப்பு வாய் அந்தப் பக்கம் பாத்துச்சுன்னா புகை பூரா உங்க மூஞ்சிலதான். பக்கத்து வீட்டு ஜன்னல் எங்க இருக்குன்னும் பாத்துட்டு, கட்டுறதுக்கு முன்னாடியே அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லிடுங்க.

அஸ்திவாரம் மண்ணப் பொறுத்தது. திருவான்மியூர், ஈசிஆர் பக்கம் மணல், ஒரு அடி தோண்டி நல்லா கெட்டிச்சு ஜல்லி போட்டா போதும். வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரி களிமண்ணு இருந்தா இன்னும் ஆழமா தோண்டி களிமண்ண எடுத்துட்டு கிராவல் போட்டு நெரப்புங்க, ஏன்னா அந்த மண்ணு மழைக்கு ஊதும், வெயிலுக்கு சுருங்கும், மேல இருக்குற கும்மட்டம் அதத் தாங்காது. அதுக்கு மேல 5 அடிக்கு 5 அடி, 5 இன்ச் கனத்துல, 10 எம்எம் கம்பிய 6 இன்ச் இடைவெளில கட்டி ஒரு ஸ்லாப். 2015 வெள்ளத்துல உங்க தெருவுல தண்ணி எவ்ளோ நின்னுச்சுன்னு பழைய ஆளுங்களக் கேட்டு ஸ்லாப அதுக்கு மேல வர்ற மாதிரி தூக்கிக்கோங்க. ஸ்டாண்டு ஹாலோ பிளாக்ல மூணு பக்கம் செவுரு, முன்னாடி தொறந்து, கீழ விறகு அடுக்க எடம். அதுக்கு மேல இன்னொரு ஸ்லாப், அடுப்போட தளம் தரையில இருந்து மூன்றரை அடி உயரத்துல வரணும், அப்பத்தான் குனியாம உள்ள பாத்து பீட்சாவத் திருப்பலாம். மேல் ஸ்லாப் சென்ட்ரிங் போடும்போதே அரை இன்ச் பைப் துண்டு நாலஞ்சு எடத்துல நட்டு வெச்சு ஓட்டை விட்ருங்க, தளத்துக்கு அடில தேங்குற ஈரம் எறங்குறதுக்கு வழி வேணும்.

இதுக்கப்புறம்தான் எல்லாரும் காசு மிச்சம் பிடிக்கப் பாக்குற எடம், தளத்துக்கு அடில சூடு எறங்காம தடுக்கப் போடுற இன்சுலேஷன். இத மட்டும் விடவே விடாதீங்க. கான்கிரீட் மேல நேரா ஃபயர் பிரிக் வெச்சீங்கன்னா எவ்ளோ விறகு போட்டாலும் சூட்ட அந்த ஸ்லாப் உறிஞ்சிக்கிட்டே இருக்கும், மேல சீஸ் கருகும், அடி மாவு வெள்ளையா வேகாமலே இருக்கும். 50 எம்எம் கால்சியம் சிலிகேட் போர்டு கெடச்சா நல்லது, கெடைக்கலன்னா நர்சரில விக்கிற பெர்லைட் இல்ல வெர்மிகுலைட் அஞ்சு பங்குக்கு சிமெண்ட் ஒரு பங்கு கலந்து 4 இன்ச் போடுங்க. தண்ணி அளவா ஊத்தி பொலபொலன்னு இருக்குற மாதிரி கலக்கணும், கரணையால அழுத்தித் தேய்க்காம லேசா தட்டி மட்டம் பண்ணுங்க, உள்ள இருக்குற காத்துதான் இன்சுலேஷனே. இது காய நாளாகும், காயட்டும்.

ஃபயர் பிரிக் வாங்கும்போது ஏமாறாதீங்க. ஸ்டாண்டர்ட் சைஸ் 230க்கு 115க்கு 75 எம்எம், அதாவது 9, நாலரை, 3 இன்ச். ஐஎஸ் 6, ஐஎஸ் 8னு ரெண்டு கிரேடு சாதாரணமா கெடைக்கும், பீட்சாவுக்கு ஐஎஸ் 6 போதும், ஐஎஸ் 8 கெடச்சா எடுத்துக்கோங்க. ஃபர்னஸ்க்கு போடுற 60, 70 சதவீத ஹை அலுமினா வேணாம், வெலையும் ஜாஸ்தி, சூட்ட வேகமா கடத்துறதால பீட்சா அடியும் கருகிடும். கைல எடுத்தா தெர்மாகோல் கணக்கா லேசா இருக்கே, அது இன்சுலேஷன் பிரிக், தளத்துக்கும் கும்மட்டத்துக்கும் அது ஆகாது, சூட்டத் தேக்கி வெக்காது. சரியான கல்லு ஒண்ணு கிட்டத்தட்ட 4 கிலோ இருக்கும், ரெண்டு கல்லத் தட்டுனா டங்குனு மணிச் சத்தம் வரும், மொத்தையா சத்தம் வந்தா உள்ள விரிசல் இருக்கும், ஒதுக்கி வைங்க. 3 அடி அடுப்புக்கு தளம் 45, கும்மட்டம் 80, வாய் வளைவுக்கு 20, ஒடையுறதுக்கு கொஞ்சம், மொத்தம் 160 கல்லு வாங்கிடுங்க. தளத்துக்கு கடப்பா கல்லு போடலாமேன்னு யாராச்சும் ஐடியா குடுப்பாங்க, வேண்டவே வேண்டாம், கடப்பா சுண்ணாம்புக் கல்லு, நேர் நெருப்புல படபடன்னு சில்லு தெறிக்கும், கிரானைட்டும் அப்படித்தான். வாய்க்கு வெளிய தட்டு வெக்கிற திண்ணைக்கு வேணா போட்டுக்கோங்க.

தளத்துக் கல்ல கலவை வெக்காம உலர்வா அடுக்கணும். அடில மெல்லிசா மணலும் ஃபயர் கிளே (சூடு தாங்குற களிமண்) பவுடரும் கலந்து தூவி, ரசமட்டம் வெச்சு ஒவ்வொரு கல்லா ரப்பர் சுத்தியால தட்டி உக்கார வைங்க. வாய்க்கு நேரா அடுக்காம 45 டிகிரி சாய்ச்சு அடுக்குனா பீட்சா தள்ளுற பலகை எந்த விளிம்புலயும் முட்டாது. கையால தடவிப் பாருங்க, நகம் மாட்டுற எடத்துல எல்லாம் கிரைண்டர் வெச்சு தேச்சுடுங்க.

கும்மட்டத்துக்கு கலவை: சலிச்ச மணல் 3, சிமெண்ட் 1, ஹைட்ரேட்டட் சுண்ணாம்பு 1, ஃபயர் கிளே 1, எல்லாம் சட்டி அளவுல. கொத்தனார் கட்டாயம் "அண்ணே, சிமெண்ட் ரெண்டு சட்டி போட்டா ஸ்ட்ராங்கா இருக்கும்ண்ணே"ம்பார், அவருக்கு புரியுற மாதிரி சொல்லிடுங்க, 400 டிகிரி செல்சியஸுக்கு மேல போனா சிமெண்டோட பிடிப்பு போயிடும், அப்புறம் தாங்குறது சுண்ணாம்பும் கிளேவும்தான், சிமெண்ட் ஜாஸ்தியானா விரிசல்தான் ஜாஸ்தியாகும். ரெடிமேட் ஃபயர் சிமெண்ட் வாங்குனா பாக்கெட்ல போட்டிருக்குற மாதிரியே கலக்குங்க.

அளவு இப்படி: உள் விட்டம் 36 இன்ச்னா கும்மட்ட உயரம் நடுவுல 18 இன்ச், வாய் உயரம் அதுல 63 சதவீதம், அதாவது 11 இன்ச்சும் கொஞ்சமும். வாய் இதவிட உயரமா இருந்தா சூடு வெளிய ஓடிடும், ரொம்ப தாழ்வா இருந்தா காத்து பத்தாம புகை மண்டும். இந்த ஒரு எண்ண மாத்தாதீங்க. அகலம் 18 இன்ச் வைக்கலாம்.

தளத்தோட நடு மையத்துல ஒரு போல்ட்ட நிறுத்தி, அதுல எந்தப் பக்கமும் சாயுற மாதிரி ஒரு இரும்புக் கம்பி, நுனில ஒரு எல் ஆங்கிள், நுனி சரியா 18 இன்ச். கல்லோட உள் முகம் அந்த ஆங்கிள்ல ஒட்டி நிக்கணும், அவ்ளோதான், ஒவ்வொரு கல்லும் தானா கோள வடிவத்துல வந்து உக்காரும். தூக்குகுண்டும் மட்டக்கோலும் வெச்சு நேர் செவுரு கட்டிப் பழகுன மேஸ்திரி முதல் ரெண்டு வரிசைக்கு சந்தேகமாத்தான் பாப்பார், நாலாவது வரிசை உள்பக்கமா சாயும்போது கம்பிய விட்டு வேற யார் கைலயும் குடுக்க மாட்டார். கல்ல பாதியா வெட்டி, தண்ணில ஊற வெச்சு, உள்பக்கம் இடுக்கு இல்லாம ஒட்டுற மாதிரி வெச்சு, வெளிப்பக்க சந்துல கலவைய திணிக்கணும். வரிசைக்கு வரிசை இணைப்பு ஒரே கோட்டுல வராம மாத்தி மாத்தி வைங்க. வெட்டும்போது மார்பிள் கட்டர்ல தண்ணி விட்டுக்கிட்டே வெட்டுங்க, என்95 மாஸ்க் இல்லாம வெட்டாதீங்க, அந்தத் தூசுல இருக்குற சிலிக்கா நுரையீரல்ல போய் உக்காந்தா திரும்ப வராது. கட்டி முடிச்சதும் ஈரச் சாக்கு போத்தி ஒரு வாரம், அப்புறம் சாக்க எடுத்துட்டு நல்லா காய விடுங்க.

புகைப் போக்கி கும்மட்ட உச்சில வரக் கூடாது, வாய்க்கு முன்னாடி, உள் வளைவுக்கும் வெளி வளைவுக்கும் நடுவுலதான் வரணும். அப்பத்தான் தீ பின்னாடி எரிஞ்சு, கூரையத் தடவிட்டு வந்து, வாய் வழியா எறங்கி, அதுக்கப்புறம் புகை மேல போகும். 6 இன்ச் எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப் போடுங்க. சூடாகுற எடத்துல ஜிஐ பைப் வேணாம், துத்தநாகப் பூச்சு எரிஞ்சு புகையா வரும். பழைய வீட்டுல கழட்டுன ஆஸ்பெஸ்டாஸ் பைப் சும்மா கெடக்குதேன்னு மாட்டிடாதீங்க, அதத் தொடவே தொடாதீங்க.

கும்மட்டத்துக்கு மேல சூட்டத் தடுக்குற போர்வை மாதிரி செராமிக் ஃபைபர் பிளாங்கெட், 25 எம்எம் கனம், கன மீட்டருக்கு 128 கிலோ டென்சிட்டி. 7.62 மீட்டர் ரோல் ஒண்ணு வாங்குனா ரெண்டு சுத்துக்கு கிட்டத்தட்ட சரியா வரும். முழுக்கை சட்டை, கிளவுஸ், மாஸ்க் போட்டுக்கிட்டு பண்ணுங்க, பசங்கள அந்தப் பக்கம் விடாதீங்க. அதுக்கு மேல கோழி வலை இழுத்துக் கட்டி, பெர்லைட் கலவை ஒண்ணரை இன்ச், கடைசியா பூச்சு. இந்த வெளிப் பூச்சோட உச்சில மட்டும் ஒரு சின்ன ஓட்டை மூடியோட விட்ருங்க, ஆவி போறதுக்கு.

இப்ப தீ வெக்கிற கட்டம், பொறுமை வேண்டியது இங்கதான். கல்லுலயும் கலவையிலயும் லிட்டர் கணக்குல தண்ணி இருக்கு, தண்ணி ஆவியானா 1600 மடங்குக்கு மேல விரியும், வழி கெடைக்கலன்னா ஒடச்சுக்கிட்டு வரும். அதனால முதல் நாள் சின்னச் சுள்ளி, 100 டிகிரி தாண்டாம அஞ்சாறு மணி நேரம். அடுத்த நாள் 150, அப்புறம் 200, 250, 300ன்னு ஒரு வாரம். 550 டிகிரி வரைக்கும் காட்டுற இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒண்ணு கட்டாயம் வாங்குங்க. ரெண்டாவது மூணாவது நாள் உச்சி ஓட்டைல கைய காட்டுனா உள்ளங்கை நனையும், வெளிப் பூச்சுல வேர்த்த மாதிரி ஈரத் திட்டு தெரியும். அது இருக்குற வரைக்கும் சூட்ட ஏத்தாதீங்க. முடி கனத்துல விரிசல் வந்தா பயப்பட வேண்டாம், வராத அடுப்பு ரொம்பக் கொறவு.

விறகுக்கு நம்ம ஊர் சவுக்கு மாதிரி வராது, கட்டியா எரியும், நல்ல சூடு. நல்லா காஞ்சதா, மணிக்கட்டு கனத்துல பொளந்து வாங்குங்க. பிளைவுட், பெயிண்ட் அடிச்ச பழைய கதவு, பேக்கிங் பலகை உள்ள போகவே கூடாது, அந்தப் புகைலதான் உங்க சாப்பாடு வேகுது. தீ வெச்சதும் கும்மட்டம் உள்ள கரேல்னு கரி பிடிக்கும், ஒண்ணு ஒண்ணரை மணி நேரத்துல உச்சில இருந்து அந்தக் கரி எரிஞ்சு வெள்ளை பூத்துக்கிட்டே கீழ எறங்கும். முழுசா வெளுத்ததும் தணல ஒரு ஓரமா தள்ளிட்டு தளத்தோட சூட்டப் பாருங்க, 400 டிகிரி சுமாருக்கு வந்ததும் பீட்சாவ விடலாம், 90 செகண்டு, நடுவுல ஒரு திருப்பு. இத்தாலில பீட்சாவுக்குப் பேர் போன நேப்பிள்ஸ்காரங்க கணக்கும் 60ல இருந்து 90 செகண்டுதான். சென்னை சூட்டுல மாவு சீக்கிரம் புளிச்சுடும், அதனால முந்தின நாளே பெசஞ்சு ஃப்ரிட்ஜ்ல வைங்க. பீட்சா முடிஞ்சதும் அடுப்ப மூடி வெச்சா சூடு மெதுவாத்தான் எறங்கும், 250க்கு வரும்போது வாழை இலைல சுத்துன வஞ்சிரம், 200க்கு பன்னு, ராத்திரி முழுக்க ஒரு சட்டி மட்டன், காலைல தொறந்தா எலும்பு தனியா வரும். கீழ இன்சுலேஷன் ஒழுங்கா போட்டவங்களுக்கு மட்டும்தான் இது கெடைக்கும்.

செப்டம்பர் முடியுறதுக்குள்ள மேல ஷீட் கூரை, அடுப்ப விட்டு நாலு பக்கமும் ரெண்டடி நீட்டி, புகைப் போக்கி வர்ற எடத்துல சுத்தி இடைவெளி விட்டு தகடு வெச்சு அடைச்சு, உச்சில தொப்பி. தார்ப்பாய் மட்டும் போத்தி விட்டா உள்ள இருக்குற ஈரமும் வெளிய போகாது. செராமிக் பிளாங்கெட் ஒரு தடவ நனைஞ்சா காய வாரக் கணக்கா ஆகும். மழை முடிஞ்சு ஜனவரில திரும்பப் பத்த வெக்கும்போது நேரா பீட்சாவுக்குப் போகாம, ரெண்டு மூணு நாள் சின்னத் தீ வெச்சு காய வெச்சுக்கோங்க, தளத்தத் தொடைக்க ஈரத் துணி வேணாம், பித்தளை பிரஷ் போதும், கீழ அடுக்குன விறகுல பெருச்சாளி, கரையான் இருக்கான்னும் ஒரு தடவ கலைச்சுப் பாத்துடுங்க.