சிற்பத்தின் இறக்கையில் விரிசல்: நான் சரிசெய்த விதம்

விமானப் பராமரிப்பு என் பிழைப்பு, உலோகச் சிற்பம் என் பித்து. திறந்தவெளியில் நிற்கும் என் அலுமினியக் கொக்கின் இறக்கை, உடலோடு சேரும் மடிப்பில் விரிசல் விட்டிருந்தது. காற்று ஓயாமல் ஆட்டினால் உலோகம் களைத்துப்போகும். விமானத்திலும் இதே கதைதான்.

வெல்டிங் வைத்துவிடச் சொன்னார்கள். கொக்கு செய்தது 2024 என்ற எண் கொண்ட அலுமினியக் கலவைத் தகட்டில்; அதற்கு வெல்டிங் சரிப்படாது, சூட்டிலேயே வெடிப்பு விடும். சரி, ரிவெட்தான், அதாவது துளை வழியே செருகி முனையை நசுக்கித் தகடுகளை இணைக்கும் ஆணி.

முதலில் விரிசல் எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். கண்ணுக்குத் தெரியும் முனையைத் தாண்டியும் அது மயிரிழையாக ஓடியிருக்கும். இடத்தைச் சுத்தம் செய்து, சிவப்புச் சாயத்தைத் தெளித்து ஊறவிட்டேன். மேலே நின்றதைத் துடைத்தெடுத்துவிட்டு விரிசலுக்குள் போன சாயத்தை வெளியே இழுக்கும் வெள்ளைப் பூச்சை (டெவலப்பர்) அடித்ததும், சிவப்புக் கோடு கசிந்து எழுந்தது. அதன் நுனியில் 3 மில்லிமீட்டர் துளை போட்டுப் பிசிறு நீக்கினேன். கூர்முனை வட்டமாகிவிட்டால் தகைவு, அதாவது உலோகத்துக்குள் ஏறும் விசை அழுத்தம், ஒரே இடத்தில் அவ்வளவாகக் குவியாது.

அப்புறம் உள்பக்கம் அதே ரகத் தகட்டில் ஓர் ஒட்டுத் துண்டு வைத்து ரிவெட் அடித்தேன். ஓரத்திலிருந்து ரிவெட் விட்டத்தைப் போல் இரண்டு மடங்காவது தள்ளித் துளையிட்டேன். ரிவெட் தலைகளைத் தேய்த்து மறைக்க மனசு வரவில்லை. இறகு வரிசை மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன். பலத்த காற்றுக்குப் பிறகும் பார்த்தாயிற்று, துளையைத் தாண்டி ஒன்றும் ஓடவில்லை.